அகலப் படமும் அகன்ற பொறுப்பும்

மனிதனுக்கு ஆண்டவர் கண்களை முகத்தில் வைத்தார், முதுகில் வைக்கவில்லை. ஆகவே எந்த நேரத்திலும் நாம் நம்மைச் சுற்றியுள்ள உலகில் ஒரு பாதியைத்தான் பார்க்கிறோம். மறுபாதியைக் காண வேண்டுமானால் திரும்ப வேண்டும். திரும்பிய உடனே முன்பு கண்டது மறைந்துவிடுகிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒருங்கே தெரிய வேண்டும் என்ற ஆசை மிகப் பழமையானது. மலை ஏறியவர் எவரும் உச்சியில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் இறங்குவதில்லை. அந்த ஆசை பெற்றெடுத்த குழந்தைதான் பனோரமா என்னும் அகலப் படம்.

இன்று அந்த ஆசை கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திக் கையை மெல்ல நகர்த்தினால், கடற்கரை முழுவதும், பங்குத் திருவிழாக் கூட்டம் முழுவதும், பள்ளி விளையாட்டுத் திடல் முழுவதும் ஒரே நீளப் படமாக வந்துவிடுகிறது. இன்னும் சற்றுத் திறமையிருந்தால், வானமும் தரையும் சேர்ந்த முழுக் கோளத்தையே எடுத்துவிடலாம். இப்படி எடுத்தவர்கள் பலர் ஒன்றுகூடி, இணையத்தின் வழியே தங்கள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களும் பல நாடுகளில் உருவாகியிருக்கின்றன. நம் பள்ளியிலும் அப்படியொரு குழு வேண்டும் என்பது மேல்வகுப்பு மாணவியராகிய எங்கள் விருப்பம்.

ஆனால் விருப்பத்தை விரித்துச் சொல்வதற்கு முன் ஒரு கருத்தைச் சொல்லிவிட வேண்டும். குழுவைத் தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம். சாதாரணப் படம், எடுத்தவர் காட்ட விரும்பியதைக் காட்டுகிறது. அகலப் படமோ அவர் கவனிக்காததையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. ஆகவே அகலப் படங்களைச் சேர்த்து வைப்பவர் அவற்றுக்கு உரிமையாளர் அல்லர், காவலர். இதுவே எங்கள் துணிபு. இதற்கான காரணங்களைப் பெற்றோரும் அருட்சகோதரிகளும் தோழியரும் பொறுமையுடன் கேட்டு முடிவு செய்யும்படி வேண்டுகிறோம்.

முதலில் இந்தக் கலை வந்த வழியைப் பார்ப்போம். ‘பான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘எல்லாம்’ என்று பொருள்; ‘ஹொராமா’ என்றால் ‘காட்சி’. இரண்டும் சேர்ந்ததே பனோரமா. இதை உலகுக்குக் கொண்டு வந்தவர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கால்ட்டன் குன்றின்மேல் நின்று, நகரைச் சுற்றிலும் வட்டமாக வரைந்தார். அந்த முறைக்கு 1787-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். 1793-இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்ட வடிவில் ஒரு கட்டடம் எழுப்பினார். மக்கள் இருண்ட வழியாக நடந்து நடுமேடைக்கு ஏறுவார்கள். ஏறியதும் நான்கு பக்கமும் ஓவியம் சூழ்ந்திருக்கும். வேறோர் ஊரின் நடுவே நிற்பதுபோல் தோன்றும். சினிமா பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

1839-இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் பத்து ஆண்டு முடிவதற்குள்ளாகவே அகலப் படம் எடுக்க மனிதன் முயன்றுவிட்டான். 1848-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரின் ஆற்றங்கரையை ஃபோன்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் 8 தட்டுகளில் எடுத்தனர். ஒஹையோ ஆற்றின் மறுகரையில் காமிராவை நிறுத்தி, துறையில் நின்ற நீராவிப் படகுகளையும், கரையோரக் கடைகளையும், அவற்றின் பின்னே ஏறிச் செல்லும் வீடுகளையும் அடுத்தடுத்துப் பதிவு செய்தனர். அந்தத் தட்டுகள் அந்நகரின் பொது நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வல்லுநர்கள் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, தொலைவில் ஒரு கோபுரத்தில் இருந்த கடிகாரத்தின் முட்கள்கூடத் தெரிந்தன. படம் எடுத்த இருவரும் அந்தக் கடிகாரத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அகலப் படம் தனக்குத் தெரியாமலே சாட்சி சொல்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் மண்ணிலும் இக்கலைக்கு ஓர் அரிய சான்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படம் எடுத்தார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தவர், அடித்தளத்தைச் சுற்றிச் செதுக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு நீளமாக ஓடுகிறது; ஆகவே படமும் நீளமாக ஓட வேண்டும். அவர் செய்ததில் வேடிக்கை காட்டும் எண்ணம் இல்லை. எழுத்து அறுபடக்கூடாது என்ற அக்கறை இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அரசு செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியை நிறுத்திவிட்டது. ஆனால் படங்கள் பல பிரதிகளாகப் பல இடங்களுக்குச் சென்றிருந்தமையால் அவை பிழைத்தன. இந்தச் செய்தியைத் தோழியர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

இன்னும் ஓர் இணையைச் சொல்வோம். 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் சான்பிரான்சிஸ்கோ நகரை ஒரு குன்றின் உச்சியிலிருந்து 13 பெரிய தட்டுகளில் சுற்றிலும் எடுத்தார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் அந்நகரை நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து தீ பரவியது. சில வாரங்களுக்குப் பின் ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் பட்டங்களை வரிசையாகக் கட்டி, அவற்றின் கயிற்றில் பெரிய காமிராவைத் தொங்கவிட்டு, வானிலிருந்து இடிந்த நகரை அகலப் படமாக எடுத்தார். ஒரு படத்தில் வீடுகள் நெருங்கிய நகரம். மற்றதில் எலும்புக்கூடுபோல் நிற்கும் சுவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு தெரிகிறது. முதற் படத்தை யாரும் காத்து வைக்காமல் போயிருந்தால், இரண்டாம் படத்துக்குப் பாதிப் பொருள்கூட இருந்திராது.

பள்ளிகளுக்கும் அகலப் படத்துக்கும் உள்ள உறவும் நெருக்கமானது. 1904-இல் காப்புரிமை பெற்ற ‘சர்க்கட்’ என்ற காமிரா, கடிகாரம் போன்ற விசையால் முக்காலியின்மேல் தானே சுழன்றுகொண்டு படமெடுக்கும். உள்ளே பிலிமும் அதற்கேற்ப நகரும். மேலைநாட்டுப் பள்ளிகளில் மாணவர் அனைவரையும் இதனால்தான் ஒரே படத்தில் எடுத்தார்கள். காமிராவிலிருந்து எல்லோரும் ஒரே தொலைவில் இருக்கும்படி, அவர்களைப் பிறை வடிவில் அமர்த்துவார்கள். அச்சிட்ட படத்திலோ அவர்கள் நேர்வரிசையில் அமர்ந்ததாகத் தோன்றும். காமிரா மெல்லச் சுழல்வதைப் பயன்படுத்தி, ஒரு முனையில் நின்ற குறும்புக்காரப் பையன் பின்பக்கமாக ஓடி மறுமுனையில் போய் நிற்பதும் உண்டு. ஒரே பையன் படத்தின் இரு முனையிலும் புன்னகையோடு நிற்பான்! இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அகலப் படம் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதில்லை. பல கணங்களை ஒட்டி ஒரு கணமாகக் காட்டுகிறது. ஆகவே ஒட்டுபவர் நேர்மையானவராக இருக்க வேண்டும்.

இனி, பகிர்வோர் கூட்டத்துக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சிலர் ‘உலகளாவிய பனோரமா’ என்ற முயற்சியைத் தொடங்கினர். பகலும் இரவும் சமமாக வரும் நாள், பகல் மிக நீண்ட நாள், மிகக் குறுகிய நாள் ஆகிய பருவ நாட்களை ஒட்டி, உலகின் பல நாடுகளில் இருப்போர் தத்தம் ஊரிலிருந்து ஒரு சுற்றுக்காட்சிப் படம் எடுத்து அனுப்புவர். பெரும்பாலும் ஒரு பொருளும் தலைப்பாகக் கொடுக்கப்படும். அது போட்டி அன்று, பரிசும் இல்லை. ஒரே வானத்தின் கீழ் யார் யார் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதே அதன் நோக்கம். அதுபோல, செவ்வாய்க் கோளுக்குச் சென்ற ஊர்திகளின் படக்கருவியை முன்மாதிரியாகக் கொண்டு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமும் நாசா நிறுவனமும் ‘கிகாபேன்’ என்ற கருவியை உருவாக்கின. அக்கருவியைக் கொண்டு வெவ்வேறு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தத்தம் ஊரைப் படமெடுத்துப் பரிமாறிக்கொள்ளும் திட்டமும் நடந்தது. ஆகவே நாங்கள் கேட்பது யாரும் செய்யாத ஒன்றன்று.

இத்தகைய குழு சீராக நடக்க வேண்டுமானால் மூன்று கடமைகள் தவறக்கூடாது என்பது எங்கள் எண்ணம். அவை உண்மை, மரியாதை, காவல்.

முதலாவது உண்மை. அகலப் படம் எடுப்பவர், ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவாவது மீண்டும் விழும்படி எடுக்க வேண்டும். காமிராவும் இருந்த இடத்திலேயே நின்று திரும்ப வேண்டும். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்போடு சுழன்றால், அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள மரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி, ஒட்டும் இடத்தில் தூண் உடைந்து நிற்கும். நடந்து செல்பவர் ஒருவர் இருந்தால், இரண்டு தலையும் ஒரு காலுமாகத் தோன்றுவார். இந்தக் குறைகளைத் திருத்துவதில் தவறில்லை. ஆனால் திருத்தத் தெரிந்த கைக்கு மறைக்கவும் தெரியும். ஆற்றங்கரையை எடுத்துவிட்டு, கரையோரக் குடிசைகளை அழித்துவிடலாம். தெருவை எடுத்துவிட்டு, குப்பை மேட்டின்மேல் பூச்செடியை ஒட்டிவிடலாம். ‘இதுதான் எங்கள் ஊர்’ என்று சுற்றிலும் காட்டும் படத்தில் ஏழையின் வீட்டை மட்டும் நீக்கினால், அது அழகுபடுத்துதல் ஆகாது; பொய்ச்சாட்சி ஆகும். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படி கற்பிக்கும் கட்டளை நாவுக்கு மட்டுமா? கைக்கும் உண்டு அன்றோ!

இரண்டாவது மரியாதை. நேராக எடுக்கும் படத்தில், படமெடுப்பவருக்கு முன் நிற்பவர் ‘என்னை எடுக்கிறார்கள்’ என்று அறிவார்; விரும்பினால் விலகிக்கொள்வார். சுற்றுக்காட்சியிலோ பின்னால் நிற்பவரும் விழுந்துவிடுகிறார். கிணற்றடியில் துணி துவைப்பவர், திண்ணையில் அயர்ந்து கிடக்கும் முதியவர், விடுதியின் மாடியில் ஈரக் கூந்தலை உலர்த்தும் மாணவி — இவர்களில் எவரும் இசைவு தரவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக ஒபாமா பதவியேற்ற காட்சியைக் கிகாபேன் கருவியால் ஒருவர் எடுத்தார். 220 படங்களை இணைத்து 1,474 மெகாபிக்சல் அளவுள்ள ஒரே படமாக்கினார். பெரிதாக்கிப் பார்த்தால், கூட்டத்தில் எங்கோ நின்றவரின் முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. வியப்புக்குரிய செயல்தான். ஆனால் அங்கே நின்ற ஒவ்வொருவரும், ‘நான் கூட்டத்தில் ஒரு புள்ளி’ என்று எண்ணியல்லவா நின்றிருப்பார்?

தெருத் தெருவாகக் காரில் சென்று சுற்றுக்காட்சி எடுக்கும் பணியைக் கூகுள் நிறுவனம் 2007-இல் தொடங்கியது. மக்கள் முகம் தெரிகிறது என்ற கண்டனம் எழுந்தபின், 2008-இல் முகங்களை மங்கலாக்கும் முறையைக் கொண்டு வந்தது. ஜெர்மனியில் 2010-இல் ஏறத்தாழ 2,44,000 வீட்டார், ‘எங்கள் வீட்டையே மங்கலாக்குங்கள்’ என்று கேட்டுக்கொண்டனர். 2022-இல் இந்தியாவில் இத்தகைய படங்கள் வெளியானபோது முதற் பத்து நகரங்களில் நம் சென்னையும் இருந்தது. 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்களும் நாட்டின் சட்டமும் பட்டுத் தெளிந்த இந்தப் பாடத்தை, சிறு குழுவை நடத்தும் நாம் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாம் அன்றோ?

ஆகவே முகம் அடையாளம் தெரிந்தால், உரியவரைக் கேட்க வேண்டும். கேட்க முடியாவிட்டால் மங்கலாக்க வேண்டும். விடுதி, குளியலறைப் பக்கம், நோயாளியின் படுக்கை, துக்க வீடு ஆகிய இடங்களில் படமே எடுக்கக்கூடாது. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கக்கூடும். ஒரு பெண் குழந்தையின் வீட்டு மாடியிலிருந்து எடுத்த படம், அவள் வீடு எங்கே இருக்கிறது என்பதை ஊர் பேர் தெரியாதவருக்குச் சொல்லிவிடலாம். அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். ‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று எவர் கேட்டாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். காரணம் கேட்பதே ஒரு வகை வற்புறுத்தல்தான்.

மூன்றாவது காவல். பிறர் படங்களை வாங்கி வைத்துக்கொள்பவர், அவற்றை நாளைக்கும் வைத்திருப்பேன் என்று சொல்லாமல் சொல்கிறார். ஸ்பெயின் நாட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட ‘பனோராமியோ’ என்ற பகிர்விடத்தில், உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் ஊர்ப் படங்களை வரைபடத்தில் இடம் குறித்துச் சேர்த்தார்கள். 2007-இல் அதைக் கூகுள் நிறுவனம் வாங்கியது, 2016-இல் மூடிவிட்டது. படங்களை இணைத்துச் சுற்றுக்காட்சியாக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2008-இல் திறந்த ‘போட்டோசின்த்’ 2017-இல் மூடப்பட்டது. யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. செலவு கூடும், ஆள் மாறுவார், நிறுவனம் வேறு வேலையைப் பார்க்கும். டிரைப்பின் காலத்தில் மாகாண அரசும் அதைத்தான் செய்தது. ஆனால் அவருடைய படங்கள் பல பிரதிகளாகப் பல இடங்களில் இருந்தன. ஆகவே வேலை நின்றும் படங்கள் நின்றுவிடவில்லை. ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்துச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்தவர்கள் நிலைமை அப்படியல்ல.

படத்தைக் காப்பது மட்டும் போதாது. அதன் பெயரையும் காக்க வேண்டும். எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நாள், எந்தத் திசையிலிருந்து படம் தொடங்குகிறது என்ற நான்கும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதத்துக்கு ஒப்பாகும். நம் வீடுகளில் பழைய திருமணக் குழுப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் நிற்பவர்களின் பெயர் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். பாட்டி கண் மூடினால் படத்தில் இருப்பவர்களும் மறுமுறை மறைந்துபோகிறார்கள். ஒரு வரிக் குறிப்பு அதைத் தடுத்துவிடும்.

இத்தனையும் கேட்டபின் சில பெற்றோர், ‘இவ்வளவு ஆபத்து இருக்கிறதென்றால் பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு? பாடத்தைப் படித்தால் போதாதா?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். நாங்கள் காமிராவைத் தொடாமல் இருந்தாலும், காமிரா எங்களைத் தொடாமல் இருக்கப்போவதில்லை. பேருந்து நிலையத்தில், கடைவீதியில், திருமண மண்டபத்தில் யாரோ ஒருவர் எடுக்கும் படத்தில் நாங்கள் விழுந்துகொண்டேதான் இருக்கிறோம். எது சரி, எது தவறு என்று அறியாத பெண், தன் படம் தவறாக எடுக்கப்பட்டபோதும் வாய் திறக்கமாட்டாள். குற்றம் தன்னுடையது என்று எண்ணி அழுவாள். நெறியைக் கற்று, அதை நடத்தியும் பழகிய பெண்ணோ, ‘இதற்கு நான் இசையவில்லை, நீக்குங்கள்’ என்று நிமிர்ந்து சொல்வாள். அறியாமை வேலியாகத் தோன்றலாம், வேலியன்று.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இக்கட்டுரையில் இதுவரை நாங்கள் சொன்ன படக்காரர்களின் பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பெண்கள் படத்துக்குள் நின்றார்கள். படத்துக்குப் பின்னால் நின்றவர்கள் ஆண்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாராவாலா 1913-இல் பிறந்தவர். சேலை உடுத்தி, கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு, சுதந்திரம் பிறந்த காலத்து டில்லியைப் படமெடுத்தார். அவருக்குப் பத்ம விபூஷண் விருது 2011-இல்தான் கிடைத்தது. ஓர் ஊரை எந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்ப்பது என்பதை எப்போதும் ஒரு சாராரே முடிவு செய்தால், எத்தனை டிகிரி சுற்றினாலும் அந்த வட்டம் முழுமையாகாது. குழாயடியும், அடுப்படிச் சன்னலும், பூக்கட்டும் திண்ணையும் அந்த ஊரின் நடுப்புள்ளிகள்தாம்.

மறைநூலில் மலையுச்சியிலிருந்து காட்டப்பட்ட இரு பெருங்காட்சிகள் வருகின்றன. ஒன்று நெபோ மலையில் மோசே கண்டது. வாக்களிக்கப்பட்ட நாடு முழுவதையும் ஆண்டவர் அவருக்குக் காட்டினார். அவரோ அதற்குள் கால் வைக்கப் போவதில்லை. தமக்குப் பின் வருவோர்க்கு உரியதை மனம் நிறையப் பார்த்துவிட்டு, மோசே கண் மூடினார். மற்றொன்று சோதனைக்காரன் இயேசுவுக்குக் காட்டியது. உலகின் அரசுகள் அனைத்தையும் காட்டி, ‘இவை உனக்கு’ என்று ஆசை மூட்டினான். நம் ஆண்டவர் அவனை விரட்டினார். இரண்டும் அகன்ற காட்சிகளே. ஒன்று அடுத்தவருக்காகப் பார்ப்பது. மற்றது தனதாக்கப் பார்ப்பது. படம் சேர்க்கும் ஒவ்வொருவரும் தாம் நிற்பது எந்த மலையில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் புகழ்ந்தார்கள்’ என்று எண்ணிக்கொண்டே இருந்தால், நாம் நெபோ மலையில் நிற்கவில்லை என்பது உறுதி.

ஆகவே எங்கள் வேண்டுகோளை இனி வெளிப்படையாக வைக்கிறோம். பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடும் ஓர் ஆசிரியையின் மேற்பார்வையோடும் நம் பள்ளியில் அகலப் படக் குழு ஒன்று அமைய வேண்டும். ஆண்டுதோறும் ஒரே நாளில், திடலின் ஒரே இடத்தில் முக்காலியை நிறுத்தி, பள்ளியைச் சுற்றிலும் ஒரு படம் எடுக்க வேண்டும். இந்த ஆண்டு சிறு கன்றாக நிற்கும் வேம்பு பத்தாம் ஆண்டுப் படத்தில் நிழல் தரும். ஓட்டுக் கட்டடம் மாடிக் கட்டடமாகும். அன்றைய மாணவியர் அதைப் பார்ப்பர். அதே நாளில் மாணவியரும் தத்தம் தெருவிலிருந்து ஆளுக்கு ஒரு படம் தரலாம். ஒன்றுக்கு மேல் வேண்டா. விலை உயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவளுக்கும், மாமாவின் கைப்பேசியை இரவல் வாங்கி வந்தவளுக்கும் ஒரே அளவு இடம். பரிசு வேண்டா, மதிப்பெண்ணும் வேண்டா. பிற ஊர்களில் உள்ள சகோதரிப் பள்ளிகள் விரும்பினால், அவர்களோடு படங்களைப் பரிமாறிக்கொள்ளலாம். கடலோரப் பள்ளியின் பிள்ளைகள் எங்கள் குளத்தையும், நாங்கள் அவர்களுடைய கட்டுமரங்களையும் அருகில் நின்றாற்போல் காணலாம்.

விதிகளும் சிலவே. படத்தில் முகம் தெரியும் மாணவிக்கும் அவள் பெற்றோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி இசைவு பெற வேண்டும். இடக்குறிப்பை நீக்கியே பகிர வேண்டும். உள்ளதை அழிப்பதோ இல்லாததைச் சேர்ப்பதோ கூடாது. பெயர், இடம், நாள், திசை ஆகிய நான்கும் இல்லாத படத்தை ஏற்கக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று எடுத்தவளிடம், ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று வேறோர் இடத்தில். குழுவை ஒருநாள் மூட நேர்ந்தால், மூன்று திங்களுக்கு முன் எல்லோருக்கும் அறிவித்து, அவரவர் படத்தை அவரவரிடம் ஒப்படைத்த பின்பே மூட வேண்டும். குழுத் தலைவியின் வேலை கட்டளையிடுவது அன்று, நினைவூட்டுவது. அவள் பொறுப்பு ஓர் ஆண்டுக்கு. பின் சாவியை அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும்.

இவை பெரிய விதிகள் அல்ல. வீட்டுக்கு வந்தவர் பொருளைப் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பதுபோன்ற, நம் தாய்மார் நமக்கு என்றோ கற்றுத் தந்த ஒழுக்கங்கள்தாம். புதிய கருவிக்குப் பழைய நற்பண்பே போதும். அதை மறவாமல் கடைப்பிடிக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆட்களாக நாங்கள் இருக்க விரும்புகிறோம். நான்கு திசையையும் படைத்த ஆண்டவர், நாங்கள் பாராத திசையில் நிற்பவரையும் எங்களுக்கு அயலாராகத் தந்திருக்கிறார். அந்த அயலாரை மதித்துப் படமெடுக்கவும், எடுத்ததை உண்மையோடு பகிரவும், பகிர்ந்ததைப் பத்திரமாகக் காக்கவும் எங்களுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள். திடலும் இருக்கிறது, முக்காலியும் கிடைக்கும். உங்கள் இசைவுதான் வேண்டும்.